பழைய பலகையும் புதிய பலகையும்

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த இக்கற்பாறை நாட்டில் அமர்ந்துகொண்டு பாய்மரக் கலங்களைப் பற்றி எழுதப் புகுவது சற்றே வேடிக்கையாகத்தான் தோன்றும். தளவானூரில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுவன பாறை, நெல்வயல், மல்லாட்டைக் கொல்லை, அதற்கப்பால் மீண்டும் பாறை. கடலைக் காண வேண்டுமானால் புதுவைக்குப் பேருந்து ஏற வேண்டும். ஆயினும் கடலின் நினைவு இவ்வூரில் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் இவ்வூர்க் குன்றில் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரையின் முகப்பில், தூண்களுக்கு மேலே மகரதோரணம் ஒன்று வளைந்து நிற்கிறது. மகரம் என்பது கடல்வாழ் விலங்கு. அலையோசை கேளாத இடத்தில், கல்லில் உறைந்து கிடக்கிறது அது.

அதே மன்னன் இப்பகுதியிலேயே உள்ள மண்டகப்பட்டில் செய்வித்த குடைவரையில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் சேர்க்காமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். மரம் மட்கும், உலோகம் துருவேறும், சுதை உதிரும். இவை யாவற்றையும் விலக்கிவிட்டால் பழுது பார்க்கும் வேலையே இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவன் எண்ணம் பொய்க்கவில்லை. அக்கல்வெட்டை நினைக்கும்போதெல்லாம், அவன் விலக்கிய மரத்தையும் ஆணியையுமே நம்பி, ஆண்டுதோறும் அவிழ்த்தும் கட்டியும் அடைத்தும் பூசியும் வாழ்நாளைக் கழிக்கும் ஒரு மனிதர் என் நினைவுக்கு வருகிறார். அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

பாக்கு நீரிணைக் கரையில், தொண்டியைச் சுற்றியுள்ள மீனவச் சிற்றூர்களில், திருவிழாக் காலங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடத்தும் வழக்கம் இன்றும் உண்டு. தொண்டி பழம்பெரும் துறைமுகம். கொண்டல் காற்றோடு கலங்கள் அகிலும் துகிலும் சுமந்து வந்ததைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. அதன் அருகேதான் புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு இரத்தம் சிந்திய ஓரியூர் இருக்கிறது. குருமடத்தில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் அப்பக்கத்தில் பணியாற்றி வந்தார். ஓரியூருக்குத் திருயாத்திரை சென்ற என்னை, "செம்மண்ணைப் பார்த்தாயிற்று, இனிக் கடலையும் பாரும்" என்று அவர்தாம் அழைத்துச் சென்றார். நாங்கள் போன அன்று ஒரு சிற்றூரில் போட்டி.

நான் கண்டதைச் சொல்கிறேன். கரையோரமாக ஒரே வரிசையில் படகுகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆறு பேர். கடலுக்குள் தொலைவில் கொடி கட்டிய மிதவை. அதைச் சுற்றிக்கொண்டு கரை சேர வேண்டும். சைகை கிடைத்ததும் பாய்கள் எழுந்த வேகத்தில், அதுவரை பேசிக்கொண்டிருந்த கரை ஒரு கணம் வாயடைத்துப் போயிற்று. இப்பகுதிக் கடல் ஆழம் குறைந்தது. ஆகையால் இவர்களுடைய வத்தைகள் தட்டையான அடிப்பகுதி கொண்டவை. காற்றுப் பலக்கும்போது அவை எளிதில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த மருந்து எளியது. படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றைச் செருகி, காற்று வரும் பக்கமாக அதை வெளியே நீட்டுகிறார்கள். ஆட்கள் அப்பலகையின்மேல் ஏறி, கீழே கடல் ஓட, நுனிவரை நகர்ந்து அமர்கிறார்கள். காற்று ஒரு பிடி கூடினால் ஒருவர் இன்னும் ஒரு முழம் வெளியே நகர்கிறார். தணிந்தால் உள்ளே வருகிறார். போதாத எடைக்கு மணல் மூட்டை. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேய மீன்வள அதிகாரி 1920இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதிய நூலுக்காக இக்கரையின் படகுகளையும் ஆராய்ந்தார். 1990களில் பிரித்தானிய ஆய்வாளர்கள் வத்தையைத் தேடி மீண்டும் வந்தார்கள். முதலில் பலகைகளை இணைத்துவிட்டுப் பின்னர் உள்ளே சட்டங்களைப் பொருத்துவது உலகின் பல பகுதிகளில் பழைய முறை. இங்கோ வங்குகளை முதலில் நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அறைகிறார்கள். ஒவ்வொரு வங்கின் வளைவும் ஓடாவிக்கு வழிவழியாக வந்த கணக்கு.

படகுகள் மிதவையைத் திரும்பும்போதுதான் கலை முழுவதும் வெளிப்படுகிறது. அன்று சோளகம் வீசியது. போகும்போது வலப்புறம் இருந்த காற்று, திரும்பியதும் இடப்புறம் வந்துவிடும். பாய் புறம் மாற வேண்டும். நீட்டிய பலகை மறுபக்கம் போக வேண்டும். அதன்மேல் இருந்தவர்களும் போக வேண்டும். எல்லாம் சில மூச்சுக்குள் நடக்க வேண்டும். ஒருவர் பிந்தினாலும் படகு கவிழும். அன்று இரண்டு கவிழ்ந்தன. கரையில் சிரித்தார்கள், கவிழ்ந்தவர்களும் நீந்தியபடியே சிரித்தார்கள்.

இக்கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கரையேற்றி நிறுத்திய ஒரு பழைய வத்தையின் நிழலில், எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். போட்டியில் அவர் படகு இல்லை. அதற்குப் பாய் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு பலகை மட்டும் இல்லை; அந்த இடைவெளியில் ஒரு கோழி நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

"என்ன ஐயா, பலகை கிடைக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"கிடைச்சிருக்கு சாமி. வீட்டுக்குப் பின்னால நிழல்ல கிடக்கு. இன்னும் காயலை."

"எவ்வளவு நாள் காய வேண்டும்?"

"அது சொல்லும்."

அவருடைய உறவினர் இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். ஓடாவி அறைந்து கொடுக்கத் தயாராக இருந்தும் பெரியவர் மறுத்துவிட்டாராம். ஊரே போட்டிக்குப் போகும் நாளில் இவர்கள் குடும்பம் மட்டும் கரையில் நிற்கிறதாம். இளைஞருடைய மனத்தாங்கல் நியாயமானதாகவே எனக்குப் பட்டது. பெரியவர் கோபப்படவில்லை. பச்சைப் பலகையை வைத்து அறைந்தால் இன்றைக்கு ஓடும். போட்டி முடிந்து கரையேற்றியதும் அது சுருங்கும். சுருங்கும்போது தான் மட்டும் சுருங்காது, பக்கத்தில் இருக்கும் பழைய பலகையின் ஆணித்துளையையும் கிழித்துக்கொண்டு போகும் என்றார். "புதுசு கெட்டா பரவாயில்லை சாமி. பழசையும் கெடுத்துப்புடும்."

அன்பர்களே, நான் அப்படியே நின்றுவிட்டேன். கோடித் துணியைக் கிழித்துப் பழைய ஆடையில் ஒட்டுப் போடுவது பற்றி மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் உவமை நாம் அறிந்ததே. பழைய உடன்படிக்கை, புதிய உடன்படிக்கை, நோன்பு பற்றிய விவாதம் என்றெல்லாம் அதற்குப் பொருள் விரித்துப் படித்தவன் நான். அவ்விளக்கங்களை மறையுரைகளில் பலமுறை எடுத்துரைத்தும் இருக்கிறேன். அவை யாவும் சரியானவை. ஆனால் அவ்வுவமையில் பழைய ஆடையின்மீது எவ்வளவு இரக்கம் இருக்கிறது என்பது எனக்கு அக்கரையில்தான் தெரிந்தது. பழைய ஆடையை எறிந்துவிடு என்று அவ்வுவமை சொல்லவில்லையே! கிழிசல் பெரிதாகிவிடக்கூடாதே என்ற கவலைதான் அதில் இருக்கிறது. ஒட்டுப் போட்ட ஆடையை உடுத்தவர்களும், ஒட்டுப் போட்ட படகில் சென்றவர்களும் கேட்கச் சொன்ன சொல் அது.

ஒட்டுப் போட்ட படகு என்பது கற்பனையன்று. 1986ஆம் ஆண்டு வறட்சியால் கலிலேயக் கடலின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தபோது, கினோசார் கரையில் மீன்பிடிக்கும் சகோதரர் இருவர் சேற்றுக்குள் ஒரு படகின் விளிம்பைக் கண்டனர். ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டிய படகு அது. நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். ஆண்டவரோ சீடர்களோ அதில் ஏறினார்கள் என்று கூறச் சான்று ஏதுமில்லை. அப்படிக் கூறி விற்கப்படும் நினைவுப் பொருள்களை நம்ப வேண்டியதுமில்லை. எனக்கு வியப்பளித்தது வேறு. அப்படகில் பன்னிரண்டு வகை மரங்கள் இருந்தன. பலகைகளில் பெரும்பாலானவை கேதுரு. சட்டங்களில் பெரும்பாலானவை கருவாலி. எஞ்சியவை கைக்குக் கிடைத்தவை: இலந்தை இனத்து மரம் ஒரு துண்டு, வில்லோ ஒரு துண்டு, பைன் ஒரு துண்டு. எராவின் முன்பகுதியோ இன்னொரு பழைய படகிலிருந்து எடுத்துப் பொருத்தியது. நல்ல மரம் வாங்க வசதியில்லாத, ஆனால் தொழில் நன்றாகத் தெரிந்த ஒருவர் அதை மீண்டும் மீண்டும் பழுது பார்த்திருக்கிறார். இனி முடியாது என்ற நிலை வந்தபோது, பாய்மரம் நிறுத்திய கட்டை முதலிய பயன்படும் உறுப்புகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு எஞ்சியதை நீரில் விட்டிருக்கிறார்கள். கழற்றிய கட்டை வேறொரு படகுக்குப் போயிருக்கும். தொண்டிப் பெரியவர் அங்கே பிறந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

அதே ஆய்விலிருந்து இன்னொரு சிறு செய்தி. புயலில் ஆண்டவர் படகின் பின்புறம் தலையணைமீது உறங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். மற்ற நற்செய்தியாளர் தலையணையைக் குறிப்பிடவில்லை. மீன்பிடி படகில் தலையணை ஏது? அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய ஷெல்லி வாக்ஸ்மன், அது படகின் சமநிலைக்காக வைக்கும் மணல் மூட்டையாக இருக்கலாம் என்று கருதுகிறார். போட்டி முடிந்து தொண்டிக் கரையில் குவிந்து கிடந்த மணல் மூட்டைகளுள் ஒன்றின்மேல் ஒரு சிறுவன் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆகவே அக்கருத்தை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்பழம்படகைக் காப்பாற்றிய விதமும் எண்ணத்தக்கது. பல ஆண்டுகள் மெழுகு போன்ற வேதிப்பொருளில் ஊறவைத்து, இன்று அதை ஓர் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதைச் செய்யாவிட்டால் உலர்ந்து நொறுங்கியிருக்கும், செய்தது நன்றே. எனினும் அது இனிப் படகன்று. தளவானூர் மகரம் போல அதுவும் உறைந்துவிட்டது.

மரக்கலத்தை மரக்கலமாகவே காக்க விரும்பியவர்களும் உண்டு. நம் கரைக்கு எதிரே, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலின் வரலாறு சிலருக்குத் தெரிந்திருக்கலாம். 1928 முதல் 1931 வரை ஒரு சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், பாக்கு நீரிணையில் சரக்கேற்றி உழைத்துக்கொண்டிருந்த அக்கப்பலைக் கண்டு மனம் பறிகொடுத்து விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிச் சென்றனர். 1938 ஆகஸ்டு தொடக்கத்தில் மாசச்சூசெட்சின் குளோஸ்டர் துறையை அடைந்தனர். ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள, தமிழ்க் கைகளால் இழைத்த கலம் அது. ராபின்சன் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வாங்கவில்லை; ஓட்டவே வாங்கினார். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கிறது. பெயரை மாற்றியதுதான் சற்றுக் குறை. அன்னபூரணி என்ற பெயர் எந்த வகையில் குறைந்துவிட்டது?

ராபின்சனைப் போன்றவர்களுக்குப் பழைய பாய்க்கலம் வைத்திருப்பது ஆசை. நம் நாட்டிலும் 1911இல் தொடங்கிய சென்னைப் பாய்ப்படகுச் சங்கம் துறைமுகத்தை ஒட்டி அவ்வாசையை வளர்த்து வருகிறது, குறைகூற ஒன்றுமில்லை. தொண்டிப் பெரியவருக்கோ அது ஆசை மட்டுமன்று, சொத்து, அதைவிடச் சுமை. "யானையைக் கட்டித் தீனி போடுற கதைதான்" என்றார் ஒருமுறை. அவருடைய தந்தை கட்டுவித்த படகு. அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு. நம் திருச்சபையில் ஓர் ஊர்ச் சமூகத்தைப் பங்கு என்கிறோம். கடற்கரையிலும் அச்சொல்லே ஆள்கிறது. பிடித்த மீனில் ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு. படகும் ஓர் ஆளாகவே பந்தியில் அமர்கிறது! அதற்கும் பசிக்கும் என்பதை அம்முறையை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

அப்பசி சிறிதன்று. கடலில் கிடக்கும் மரத்தைக் கப்பல்புழு துளைக்கும். பெயரில் புழுவாயினும் உண்மையில் அது சிப்பி இனம். தன் ஓட்டையே துரப்பணமாகக் கொண்டு மரத்தைக் குடைந்து வாழ்வது. வெளியே குண்டூசித் தலையளவு துளைதான் தெரியும். உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். ஆகவே படகை அவ்வப்போது கரையேற்ற வேண்டும், பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும், காயவிட வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே பழைய பஞ்சுத்திரியை உளியால் கெல்லி எடுத்துவிட்டுப் புதிய திரியைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைக்க வேண்டும். துருவேறிய ஆணியைப் பிடுங்கிப் புதியது அறைய வேண்டும். பெரியவர் பலகையைச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மரச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். ஓசை மாறும் இடத்தில் நின்றுவிடுவார். அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. மருத்துவர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இயந்திரம் வந்த பிறகு இந்தப் பாடெல்லாம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உதவி நிறுவனங்கள் கரை நெடுகிலும் ஃபைபர் படகுகளை வழங்கின. மர ஓடாவிகளின் பட்டறைகள் ஓய்ந்தன. ஃபைபரைப் புழு துளைக்காது. ஆண்டுக்கு ஆண்டு திரி அடைக்க வேண்டியதில்லை. மகேந்திரவர்மன் கேட்ட வரம் மீனவர்க்கும் கிடைத்தது என்று சொல்லலாம். அதைத் தேர்ந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. கட்டுமரத்தில் உப்புநீர் தின்ற முழங்கால்களை நான் கண்டிருக்கிறேன். பெரியவரின் மகன்களும் இயந்திரப் படகில்தான் தொழிலுக்குப் போகிறார்கள்.

அப்படியானால் பழைய வத்தை எதற்கு? போட்டிக்கு. ஆண்டில் ஒரு நாளுக்கு.

இதை வீண் செலவென்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. பரிசுத் தொகை பஞ்சுத்திரிக்கும் குங்கிலியத்துக்குமே சரியாகிவிடும் என்கிறார்கள். கணக்கு அவர்கள் பக்கம்தான். ஆனால் பாயின் கலை ஏட்டில் இல்லை, கையில் இருக்கிறது. தாமான் கயிற்றை எப்போது இறுக்குவது, எப்போது நெகிழ்ப்பது என்பதை இருபது வயதுப் பையன் பலகை நுனியில் அமர்ந்து பெரியவரிடம் வசை வாங்கித்தான் கற்க முடியும். அந்தப் பையனுக்குப் பலகையில் அமர ஒரு காரணம் வேண்டும். பக்கத்து ஊர்க்காரனை வெல்ல வேண்டும் என்பதைவிடச் சிறந்த காரணம் எது? 2025இல் நம் கடற்படை, அசந்தா ஓவியத்தைப் பார்த்துக் கயிற்றால் தைத்த கௌண்டின்யா என்னும் பாய்க்கப்பலைப் படையில் சேர்த்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அறுந்துபோன நூலை மீண்டும் முடிவதற்கு அங்கே எத்தனை அறிஞர்கள் கூடி உழைக்க வேண்டியிருந்தது! தொண்டிப் பக்கத்தில் நூல் இன்னும் அறவில்லை, நைந்திருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ஒரு திருவிழாவும், ஊர்களுக்கிடையிலான செல்லப் பகையும், எங்கள் பெரியவரைப் போன்ற சிலருடைய பிடிவாதமும்தான்.

மறு ஆண்டு நான் ஓரியூருக்குச் சென்றபோது, போட்டி நாளை விசாரித்துக்கொண்டே சென்றேன் என்பதை மறைப்பானேன். பலகை "சொல்லியிருந்தது". பழைய பலகைகளுக்கு நடுவே புதியது மட்டும் நிறம் வெளுத்து, புதுமாப்பிள்ளை போல் கூச்சத்துடன் இருந்தது. பாய் இக்காலத்துப் பாலிதீன் துணி. ஆனால் வெட்டும் தையலும் பெரியவருடையவை. முந்தைய ஆண்டு முறைப்பட்ட அதே இளைஞர் பலகையின் நுனிக்கு ஆளாக நின்றார். பெரியவர் ஏறவில்லை, கண் தெரியவில்லையாம். அணியத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கரையில் நின்றுகொண்டார்.

சோளகம் நன்றாகவே வீசியது. போகும்போது எங்கள் படகு—எங்கள் என்றே எழுதிவிட்டேன், இருக்கட்டும்—மூன்றாவதாகப் போயிற்று. மிதவையில் ஒரு படகு கவிழ்ந்து வழியை மறித்தது. இவர்கள் அகன்று சுற்ற வேண்டியதாயிற்று. திரும்பும்போது ஆறாவது. கடைசி நேரத்தில் மூட்டைகளை நீரில் தள்ளிவிட்டு ஒரு படகை முந்தினார்கள். ஐந்தாவது, பரிசு மூன்று பேருக்குத்தான். இளைஞர் நீரில் குதித்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, அந்தக் கவிழ்ந்த படகுக்காரர்களை வாயாரத் திட்டத் தொடங்கினார்.

பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். படகின் விளிம்பைப் பற்றிக் குனிந்து, புதிய பலகைக்கும் பழைய பலகைக்கும் நடுவே உட்புறமாகக் கையை வைத்து நெடுகத் தடவினார். பிறகு கையை வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஈரந்தான்" என்றார் என்னிடம். "தண்ணி இல்லை."